பக்கத்துக்கு ஆறு அங்குலம்

சம்பந்தியம்மாவின் ரப்பர் செடி ஒரு சனிக்கிழமை காலை பத்தேகால் மணிக்குத் தையல்காரர் வீட்டு வாசலில் வந்து இறங்கியது. மினி லாரியில் மல்லாக்கப் படுத்து, கழுத்துவரை போர்வை போர்த்தி, தலைமாட்டில் ஒரு தலையணையும் வைத்துக்கொண்டு வந்தது. டிரைவருக்குப் பக்கத்தில் இருந்த சம்பந்தியம்மா வழி நெடுகப் பின்னால் திரும்பிப் பார்த்தபடியே வந்ததால், இறங்கும்போது அவருக்குக் கழுத்து நேராகவில்லை. தையல்காரரை நலம் விசாரித்தபோதும் முகம் செடியைப் பார்த்தே இருந்தது.

“மெதுவா, மெதுவா! தலைய இடிச்சிடாதீங்க. அட, உங்க தலைய சொல்லல டிரைவர் தம்பி.”

தையல்காரர் வீட்டின் முன்னறைதான் கடை. வெட்டு மேஜை, இரண்டு மிஷின், ஆளுயரக் கண்ணாடி, கிழக்கே பார்த்த பெரிய ஜன்னல். அந்த ஜன்னலுக்காகத்தான் செடி இங்கே வந்தது. சம்பந்தியம்மா வீட்டில் தரையைப் பெயர்த்து, சுவர் பூசி, வர்ணம் அடிக்க மூன்று மாதம் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். அதுவரை மகனும் மருமகளும் ஒற்றை அறை ஒன்றில் இருப்பார்கள். அம்மா வெளியூரில் மூத்த மகள் வீட்டில் இருப்பார். ஒற்றை அறையில் வெளிச்சம் இல்லை. மூத்த மகள் வீட்டில் பூனை உண்டு. ஆகவே செடி சம்பந்தி வீட்டுக்கு.

ஜன்னலோரம் நிறுத்தி, போர்வையை விலக்கி, சம்பந்தியம்மா கீழிருந்து மேலாக எண்ணினார். ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். எண்ணும்போது யாரும் மூச்சுவிடக் கூடாது.

“நாப்பத்தி மூணு இலை. எழுதிக்கறீங்களா சம்பந்தி?”

தையல்காரர் அளவு நோட்டில் புதுப் பக்கம் எடுத்து எழுதினார். பிறகு, பழக்கதோஷத்தில், கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்துச் செடியின் உயரம் பார்த்தார். எழுபத்தெட்டு. அகலமான இடத்தில் தோள் முப்பத்தொன்பது. அடித்தண்டில் இடுப்பு ஐந்தரை.

“சட்டை தைக்கப் போறீங்களா?” என்றார் சம்பந்தியம்மா.

“ஒரு கணக்குக்குத்தான்.”

கணக்கு என்றதும் அவர் தலையாட்டினார். கைப்பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து நீட்டினார். அதில் நாலு வரி இருந்தது. ஒன்று: ஆட்காட்டி விரலை மண்ணில் விட்டுப் பார்க்க வேண்டும், இரண்டு கணு வரை காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். இரண்டு: ஞாயிறுதோறும் ஈரத்துணியால் இலைகளைத் துடைக்க வேண்டும். மூன்று: இடம் மாற்றக் கூடாது. நான்காவது வரிக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருந்தது: மேலே சொன்னதைத் தவிர வேறு எதுவும் செய்யக் கூடாது.

“ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வீடியோ கால் பண்றேன். செடிய மட்டும் காட்டினா போதும்” என்றார்.

இதெல்லாம் வெறும் செடி விவகாரம் என்றால் தையல்காரர் இவ்வளவு பயந்திருக்க மாட்டார். நடுவில் மகள் இருந்தாள். அவள் வீடு கட்டுகிறவர்களுக்கு பிளான் வரைகிறவள். ஒரு கட்டில் அளவுக்கு மேஜை வேண்டும், அதற்கு நல்ல வெளிச்சம் வேண்டும். சம்பந்தியம்மா வீட்டில் வெளிச்சமான ஜன்னல் ஒன்றே ஒன்று. பதினொரு வருடமாக அதில் இந்தச் செடி குடியிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் சமையலறை விளக்கின் கீழே குனிந்து வரைந்துகொண்டிருந்தாள். வீட்டைப் புதுப்பிக்கிற பேச்சு வந்தபோதுதான் தைரியமாகக் கேட்டிருக்கிறாள். அதற்கு மாமியார் ஒரு வழி சொன்னார். செடி மூன்று மாதம் வேறு இடத்தில் நன்றாக இருந்து காட்டினால், திரும்பி வந்ததும் அதை மாடிப்படிப் பக்கம் வைத்துக்கொள்ளலாம், ஜன்னல் அவளுக்கு. வாடினால், அதற்குப் பழைய இடம்தான் ஒத்துக்கொள்கிறது என்று அர்த்தம், ஜன்னல் செடிக்கு.

“எங்கப்பா கையில எதைக் கொடுத்தாலும் பத்திரமா இருக்கும் அத்தை” என்று அவள் எழுதிக் கொடுக்காத குறையாகச் சொல்லிவிட்டாள்.

அதற்குச் சம்பந்தியம்மா சுவரில் இருந்த கல்யாணப் போட்டோவை மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தாராம்.

அந்தப் போட்டோவில் இருப்பது மாப்பிள்ளை என்பதைவிட, ஒரு கோட். மூன்று வருடம் முன்பு மாமனாரே தைத்தது. மாப்பிள்ளை அப்போது ஒல்லிக்குச்சி. ‘வளர்ற உடம்பு’ என்று தையல்காரர் தாராளமாக விட்டுத் தைத்தார்.

“இருபத்தேழு வயசுல எங்கங்க வளரும்?” என்று மனைவி அப்போதே கேட்டாள்.

“பக்கவாட்டுல வளரும்.”

போட்டோ வந்தபோது சம்பந்தியம்மா உற்றுப் பார்த்துவிட்டு, “கோட்டு ரொம்ப கம்பீரமா இருக்கு. உள்ள யாரோ நிக்கறாப்ல இருக்கே, நம்ம பையனா?” என்றார். அத்தனை உறவுக்காரர்களும் சிரித்தார்கள். தையல்காரரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் அவர் நெஞ்சில் குத்தூசி மாதிரி நின்றுகொண்டிருந்தது.

முதல் இரண்டு வாரம் தாளில் உள்ளபடியே நடந்தது. தினமும் காலையில் விரலை விட்டுப் பார்ப்பார். ஒன்றரைக் கணு என்று நோட்டில் எழுதுவார். இரண்டு கணு ஆனால் ஒரு செம்பு தண்ணீர். ஞாயிறு காலை இலை துடைப்பு. பட்டன் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டே மனைவி வேடிக்கை பார்ப்பாள்.

“சின்ன சம்பந்திக்கு முகம் கழுவியாச்சா?”

“சத்தமா பேசாத. பத்து மணிக்கு போன் வரும்.”

மூன்றாவது புதன்கிழமை மேஜைக்கு அடியில் ஒரு பட்டன் உருண்டது. அதை எடுக்கக் குனிந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். செடியின் தொட்டிக்கு அடியில், தண்ணீர் வடியும் ஓட்டை வழியாக, ஒரு வேர் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. சுண்டுவிரல் நீளம்.

“இங்க வந்து பாரேன். கால் வெளிய தெரியுது” என்றார்.

“யாருக்கு?”

“செடிக்கு! போன வருஷ பேன்ட்டை இந்த வருஷம் போட்ட மாதிரி ஏறிப்போய் நிக்குது. பன்னெண்டு அங்குலத் தொட்டியில எழுபத்தெட்டு அங்குல ஆளு. மூச்சு முட்டாதா?”

“அவங்கதான் எதையும் செய்யக் கூடாதுன்னு கோடு போட்டுக் கொடுத்திருக்காங்களே. அதுவும் ரெண்டு கோடு.”

“அவங்களுக்குக் கணக்கு தெரியும். அளவு தெரியாது.”

அன்றைக்கும் மறுநாளும் அவருக்கு வேலை ஓடவில்லை. துணி வெட்டும்போதெல்லாம் கண் தொட்டிக்கே போனது. இறுகிய உடுப்பைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது முப்பது வருடத்தில் அவர் செய்திராத காரியம். வெள்ளிக்கிழமை பாத்திரக் கடைக்குப் போய், டேப் வைத்து அளந்து, இருபத்து நான்கு அங்குலத் தொட்டி ஒன்றை வாங்கி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். மனைவி வாசலில் நின்று தொட்டியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இதுல நான் குளிக்கலாம் போலிருக்கே.”

“பக்கத்துக்கு ஆறு அங்குலம் தாராளம் விட்டிருக்கேன். வளர்ற உடம்பு.”

அந்த வார்த்தையைக் கேட்டதும் அவளுக்குக் கோட் ஞாபகம் வந்திருக்க வேண்டும். தொட்டிக்கு வழிவிட்டு ஒதுங்கிக்கொண்டாள்.

நாலு மூட்டை மண் பிடித்தது. அன்று மாலை செடி புதுத் தொட்டியில், அண்ணன் சட்டை போட்ட தம்பி மாதிரி, நடுவில் ஒற்றையாய் நின்றது. தையல்காரர் தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். துணி உடம்பில் விழுகிற மாதிரி, விழுதல் சரியாக இருந்தது. ஒரு தொல்லைதான்: இவ்வளவு மண்ணுக்கு ஒரு செம்பு எப்படிப் போதும்? தொட்டி இரண்டு மடங்கு என்றால் தண்ணீரும் இரண்டு மடங்கு. சந்தேகத்துக்கு இன்னும் ஒரு செம்பு. ஆக மூன்று.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் தொட்டி தெரியாதபடி போனைப் பிடித்துக்கொண்டார்.

ஐந்தாவது வாரம் அடியில் இருந்த இலை ஒன்று மஞ்சளானது. அவர் அதை வயதான இலை என்று நினைத்தார். அதற்கு மேலே இருந்த இலையும் மஞ்சளானபோது, அண்ணன் தம்பி ஒரே வயதில் போவதுண்டு என்று தேற்றிக்கொண்டார். விரலை விட்டுப் பார்த்தால் மேல்மண் இரண்டு கணு காய்ந்துதான் இருந்தது. செடி வாடினால் தாகம் என்றுதானே அர்த்தம்? மூன்று செம்பு நாலு செம்பாயிற்று. ஆறாவது சனிக்கிழமை காலை தரையில் ஐந்து இலை கிடந்தது. இரண்டு மஞ்சள், மூன்று இன்னும் பச்சை. கையில் எடுத்தால் தோல் செருப்பு மாதிரி கனமாக இருந்தது.

நோட்டில் ‘முப்பத்தெட்டு’ என்று எழுதினார். மறுநாள் ஞாயிறு. அந்தப் பக்கம் இருப்பது எண்ணுகிற ஆள்.

ஞாயிறு ஒன்பது மணிக்கு மனைவி காப்பியோடு வந்தபோது, தையல்காரர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மூக்கு நுனிக்குக் கண்ணாடியை இறக்கி, வாயில் நூலைக் கவ்விக்கொண்டு செடியோடு ஒட்டி இருந்தார்.

“என்னங்க பண்றீங்க?”

“ம்ம்.”

“நூலைத் துப்பிட்டுச் சொல்லுங்க.”

“தைக்கறேன்.”

உண்மையிலேயே தைத்துக்கொண்டிருந்தார். விழுந்த இலையின் காம்பில் ஊசியை விட்டு, தண்டைச் சுற்றி இரண்டு சுற்று, மேலே ஒரு முடிச்சு. இரட்டைப் பச்சை நூல். பத்தடியிலிருந்து பார்த்தால் கடவுளே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது என்று அவர் நம்பினார். மஞ்சள் இலைகளைக் கீழே பின்பக்கம் வைத்தார். பச்சை மூன்றையும் முன்பக்கம்.

மனைவி காப்பியைக் கீழே வைத்தாள். “காஜா எடுத்து பட்டனும் வெச்சிடட்டுமா?” என்றாள்.

சரியாகப் பத்து மணிக்கு போன் அடித்தது. சம்பந்தியம்மாவின் முகம் திரை முழுக்க வந்தது. அவருக்குப் பின்னால் மூத்த மகளும் அவள் கணவரும் சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள்.

“எண்ணிட்டேன். நாப்பத்தி மூணு” என்றார் சம்பந்தியம்மா. தையல்காரருக்கு உயிர் வந்தது. “ஆனா ஒண்ணு கேக்கணும் சம்பந்தி. எல்லா இலையும் ஜன்னலப் பார்த்துக்கிட்டிருக்கு. மூணு மட்டும் ஏன் என்னையே பார்த்துக்கிட்டிருக்கு?”

தையல்காரர் போனைச் சற்றுப் பின்னால் இழுத்தார். “அது வந்து... உங்க மேல பாசம்” என்றார்.

அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். இணைப்பு அறுந்து போயிற்று.

ஏழாவது ஞாயிறு பதினொரு இலை தைத்தார். இந்த முறை எல்லாவற்றையும் கவனமாக ஜன்னல் பக்கம் திருப்பினார். போன வாரம் தைத்தவை இதற்குள் சுருண்டு பழுப்பாகிவிட்டிருந்தன; அந்த ஐந்தையும் பிரித்துப் பின்பக்கமாகத் தைத்துவிட்டு, புதிதாக விழுந்த ஆறையும் தைத்தார். போன் பேசி முடிந்த சமயத்தில் மகள் ஒரு பேன்ட்டின் கால் மடிக்க வந்தாள். செடியைச் சுற்றி வந்தவள் ஒரு காம்பருகே குனிந்தாள்.

“அப்பா. இது என்ன?”

“எது?”

“முடிச்சு போட்டிருக்கு.”

தையல்காரர் டேப்பைக் கழுத்தில் சரிசெய்தார். மகளிடம் பொய் சொல்ல அவருக்கு வராது. பதிலுக்குத் தொட்டியைப் பார்த்தார். அவள் தொட்டியைப் பார்த்தாள். பிறகு மேஜைக்கு அடியில் காலியாகக் கிடந்த பழைய தொட்டியைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிற்று.

“கோட்டு தைச்சிட்டீங்களா அப்பா இதுக்கும்?”

“வேர் வெளிய தெரிஞ்சது கண்ணு.”

“போச்சு, என் ஜன்னல் போச்சு. நான் காலம் பூரா அந்த அடுப்படி விளக்குலதான் வரையப் போறேன்.” சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை, இரண்டும் பாதிப் பாதி. “இன்னிக்கே அத்தை கிட்ட சொல்லிடுங்க.”

“ஒரு வாரம் குடு.”

அந்த ஒரு வாரத்தில் அவர் போட்ட திட்டம் எளிமையானது. இதே அளவில் வேறொரு ரப்பர் செடி வாங்கி வைத்துவிடுவது. ஊரில் ஆயிரம் பேர் ரெடிமேட் சட்டை போடுகிறார்கள். ஒன்றாவது பொருந்தாமலா போகும்? அளவு நோட்டை எடுத்துக்கொண்டு நர்சரிக்குப் போனார். நகத்தில் மண்ணும் தலையில் துண்டுமாக ஒரு அம்மாள் நாற்றுகளுக்குத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தார்.

“ரப்பர் செடி வேணும்மா.”

“எங்க வைக்கப் போறீங்க? ஜன்னல் எந்தப் பக்கம்? வெயில் நேரா விழுமா, வெளிச்சம் மட்டுமா?” என்றார் நர்சரிக்காரம்மா. “முதல்ல ஜன்னலச் சொல்லுங்க. அப்புறம்தான் செடி.”

“உயரம் எழுபத்தெட்டு. தோள் முப்பத்தொம்பது. இடுப்பு அஞ்சரை.”

குழாய் நின்றது. “செடி பாக்க வந்தீங்களா, வரன் பாக்க வந்தீங்களா?”

இருந்தாலும் அவர் கொட்டகைக்குள் அழைத்துப்போய்க் காட்டினார். அங்கே பதினாறு ரப்பர் செடிகள் நின்றன. தையல்காரர் ஒவ்வொன்றாக அளந்தார். ஒன்று உயரம் சரி, ஆனால் இரட்டைத் தண்டு. ஒன்று இடுப்பு சரி, இடப்பக்கம் சாய்ந்தது. இன்னொன்று எல்லாம் சரி. இலையில் வெள்ளை வரி ஓடியது. ஒரு கலியாணக் கும்பலில் தொலைந்த குழந்தையைத் தேடுகிறவர்போல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எதுவும் அது இல்லை.

“பழசுக்கு என்ன ஆச்சு? செத்துப்போச்சா?” என்றார் நர்சரிக்காரம்மா.

“இன்னும் இல்ல. சம்பந்தியம்மா பதினோரு வருஷமா வளர்த்தது. இலை கொட்டுது. நல்லாத்தான் வெச்சிருந்தேன். வளரட்டும்னு பெரிய தொட்டி வாங்கி—”

“எவ்வளவு பெருசு?”

“பன்னெண்டு இருந்தது. இருபத்து நாலு.”

நர்சரிக்காரம்மா துண்டை அவிழ்த்து உதறி மறுபடி கட்டிக்கொண்டார். ரொம்பக் கோபம் வந்தால் அப்படிச் செய்வார் போலிருக்கிறது.

“ஏன் சார், வேர் எவ்வளவு தண்ணி குடிக்குமோ அவ்வளவுக்குத்தான் மண்ணு இருக்கணும். நீங்க சுத்தி அண்டா அண்டாவா மண்ணைக் கொட்டிட்டீங்க. மீதித் தண்ணிய யார் குடிப்பா? மேல காயும், அடியில சேறாவே நிக்கும். வேர் அழுகிடும். வேர் அழுகினா செடி வாடும்; வாடுதேன்னு இன்னும் ஊத்துவீங்க.”

“நாலு செம்பு” என்று தையல்காரர் முணுமுணுத்தார்.

“வேர் வெளிய தெரிஞ்சா ஒரு சுத்துப் பெரிய தொட்டி. வேருக்கும் தொட்டிக்கும் நடுவுல ரெண்டு விரல் போகணும். அவ்வளவுதான்.” அவர் இரண்டு விரலை நீட்டிக் காட்டினார்.

தையல்காரர் அந்த இரண்டு விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். காலர் பட்டனைப் போட்டுவிட்டுக் கழுத்துக்கும் துணிக்கும் நடுவே அவர் தினமும் விட்டுப் பார்க்கிற அதே இரண்டு விரல். முப்பது வருடமாக அடுத்தவன் கழுத்தில் சரியாக விட்டவருக்கு, வேண்டியவர்கள் என்று வந்தால் மட்டும் அளவு கை நழுவிப் போகிறது. மாப்பிள்ளைக்கு அப்படித்தான் ஆயிற்று.

“அப்போ இதுல எதை எடுத்துக்கறது?” என்று கொட்டகையைக் காட்டினார்.

“ஒண்ணும் வேண்டாம். பதினோரு வருஷம் பார்த்த முகத்தை மாத்தி வெச்சா அந்தம்மாவுக்குத் தெரியாதா? போய் உங்க செடிய ஆல்டரேஷன் பண்ணுங்க” என்றார் நர்சரிக்காரம்மா. ஆல்டரேஷன் என்ற சொல் அவராகவே வந்ததா, டேப்பைப் பார்த்து வந்ததா என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து செடியைப் பிடுங்கியபோது மண் சளக்கென்று சத்தம் போட்டது. கூடவே ஒரு நாற்றம் வந்தது. வாடிக்கையாளர் ஒருவர் கொடுக்க வந்த அளவைக் கொடுக்காமலே திரும்பிப் போனார். வேரில் பாதிக்கு மேல் பழுப்பாகக் குழைந்திருந்தது; தொட்டால் தோல் கழன்று வந்தது. நடுவில் ஒரு பிடி மட்டும் இன்னும் வெளுப்பாக, கெட்டியாக இருந்தது. அழுகியதை வெட்ட வேண்டும். சமையலறைக் கத்தி இழுத்தது, வேர் நசுங்கியது. பிளேடு வளைந்தது.

தையல்காரர் எழுந்து போய் வெட்டு மேஜையின் இழுப்பறையைத் திறந்தார்.

அவர் எடுத்ததைப் பார்த்து மனைவி கிட்டே ஓடி வந்தாள். அது துணி வெட்டும் பெரிய கத்தரி. துணி தவிர எதையும் தொடாதது. கல்யாணமான புதிதில் அவள் அதில் ஒரு காகித உறையைத் திறந்துவிட்டாள் என்று இரண்டு நாள் அவர் அவளோடு பேசவில்லை.

“ஏங்க, அதுலயா?”

“ஆமா.”

அவர் வெட்டினார். வெள்ளை வேர் தெரியும்வரை, துளித் துளியாக, சட்டைக் கழுத்து வெட்டுகிற கவனத்தோடு வெட்டினார். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து செடியைப் பிடித்துக்கொண்டாள். பழைய தொட்டியைக் கழுவி, மண்ணில் பாதிக்கு மணல் கலந்து, நட்டார். சுற்றிலும் விரலை விட்டுப் பார்த்தார். இரண்டு. தையல் போட்ட இலைகளை எல்லாம் பிரித்துப் போட்டார். மீதி எண்ணினால் பதினேழு.

அதற்குப் பின் வந்த ஞாயிறுகளில் அவர் ஒரு தையலும் போடவில்லை. ஆனால் முழுசாகச் சொல்லவும் வாய் வரவில்லை. போனைச் செடியின் உச்சிக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்து, மேல் ஐந்து இலையை மட்டும் காட்டினார்.

“இது என்ன சம்பந்தி, பாஸ்போர்ட் போட்டோ மாதிரி?”

“கிட்டத்துல பாருங்க சம்பந்தியம்மா, பளபளப்பு தெரியட்டும்னு.”

அந்தப் பக்கம் இந்த முறையும் யாரோ இருமினார்கள். அந்த வீட்டில் யாருக்கோ நாள்பட்ட இருமல் என்று தையல்காரர் வருத்தப்பட்டார்.

பதின்மூன்றாவது வாரம் வர்ண வேலை முடிந்தது. சம்பந்தியம்மா மகனோடும் மருமகளோடும் நேரில் வந்தார். மாப்பிள்ளை கையில் ஒரு பை இருந்தது. தையல்காரர் வெட்டு மேஜைக்குப் பின்னால் நின்றுகொண்டார். நடுவில் ஏதாவது மரம் இருந்தால் தேவலை என்று பட்டது.

சம்பந்தியம்மா செடியின் முன்னால் நின்று கீழிருந்து மேலாக எண்ணினார். ரொம்ப நேரம் ஆகவில்லை.

“பதினேழு.”

மகள் அப்பாவைப் பார்த்தாள்.

“நான்தான் சம்பந்தியம்மா” என்றார் தையல்காரர். “நீங்க வேற எதுவும் செய்யாதீங்கன்னு ரெண்டு கோடு போட்டுக் கொடுத்தீங்க. நான் பெரிய தொட்டியில மாத்திட்டேன். பக்கத்துக்கு ஆறு அங்குலம் விட்டேன். வேர் அழுகிப்போச்சு. அப்புறம் வெட்டித் திரும்ப நட்டேன். என் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. நடுவுல ரெண்டு வாரம் இலைய... இலைய...”

“தைச்சீங்க.”

“தெரியுமா?”

“இரட்டைப் பச்சை நூல். முத நாளே தெரிஞ்சது. உதிர்ந்த இலை என்னைப் பாசமா பார்க்குதுன்னு நீங்க சொன்னதும் என் பொண்ணோட வீட்டுக்காரர் சோபாவுல இருந்து கீழ விழுந்துட்டார். அடுத்த ஞாயிறு பக்கத்து வீட்டுக்காரங்க நாலு பேரு வந்து உக்காந்தாங்க. இந்த வாரம் எத்தனை தையல்னு பந்தயம் கட்டினாங்க. நான் பதினொண்ணுன்னேன். ஜெயிச்சேன்.” சம்பந்தியம்மா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். “நீங்க தையல நிறுத்தினதும் எல்லாருக்கும் ஏமாற்றமாப் போச்சு.”

“ஏன் என்கிட்ட கேக்கல?”

“நீங்களா சொல்றீங்களான்னு பார்த்தேன். கொஞ்சம் லேட்டு. ஆனா சொல்லிட்டீங்க.”

அவர் குனிந்து தொட்டியைச் சுற்றி விரல் விட்டுப் பார்த்தார். பிறகு உச்சியைப் பார்த்து நிமிர்ந்தவர் அப்படியே நின்றார். நுனியில், மிளகாய் மாதிரி, சிவப்பு உறை ஒன்று ஒரு அங்குலத்துக்கு நீண்டிருந்தது. அதற்குள் சுருண்டிருந்தது பதினெட்டாவது இலை.

“புது வேர் பிடிச்சிருக்கு” என்றார், குரல் கொஞ்சம் இறங்கி. “இப்ப இதை அசைக்கக் கூடாது. லாரியில ஏத்தினா போச்சு. ஒரு ஆறு மாசம் இங்கயே இருக்கட்டும்.”

“அப்ப ஜன்னல்?” என்றாள் மகள்.

சம்பந்தியம்மா யோசித்தார். செடி வேறிடத்தில் நன்றாக இருந்தால் ஜன்னல் மருமகளுக்கு, வாடினால் செடிக்கு. செடி வாடியது. ஆனால் செடி வரப்போவதில்லை. கணக்கு டீச்சர் இதை இரண்டு தரம் போட்டுப் பார்த்தது முகத்தில் தெரிந்தது.

“காலி ஜன்னல வெச்சு நான் என்ன பண்ண? மேஜையப் போட்டுக்கோ” என்றார். “ஆறு மாசம் கழிச்சு மேஜைய நகர்த்தறது செடிய நகர்த்தறதவிடக் கஷ்டம். தெரியும். போட்டுக்கோ.”

மகள் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். தையல்காரரின் மனைவி காப்பி போட உள்ளே ஓடினாள். அவளுக்கு அழுகை வந்தால் காப்பி போடுவது பழக்கம்.

மாப்பிள்ளை அப்போதுதான் பையைத் திறந்தார். உள்ளே இருந்தது கல்யாணக் கோட்.

“மாமா, ஆபீஸ்ல ஒரு விழா இருக்கு. இதைப் போட்டேன். பட்டன் போட வரல.”

“இறுக்கமா இருக்கா?” தையல்காரருக்குத் தன் காதை நம்ப முடியவில்லை. “கோட்டா? உங்களுக்கா?”

“மூச்சு முட்டுது.”

தையல்காரர் கோட்டை வாங்கி உட்பக்கம் திருப்பினார். தையலோரம் மடித்து விட்டிருந்த துணி அப்படியே இருந்தது, பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம். தாராளமாகப் பிரித்து விடலாம். அவர் தலையை நிமிர்த்தவில்லை. நிமிர்ந்தால் சிரிப்பது தெரிந்துவிடும்.

“பக்கவாட்டுல வளரும்னு சொன்னேன்” என்றார் தாழ்ந்த குரலில்.

“அது ஒண்ணு மட்டும் சரியாச் சொல்லியிருக்கீங்க” என்றார் சம்பந்தியம்மா. “மாப்பிள்ளைக்கு எவ்வளவு வேணும்னாலும் விட்டுத் தைங்க. செடிக்கு வேண்டாம்.”

போகும்போது புதிய தாள் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்துவிட்டுப் போனார். இந்த முறை ஒரே வரி: எதுவும் செய்யக் கூடாது. அடியில் மூன்று கோடு.

மறுநாள் காலை மனைவி முன்னறைக்கு வந்தபோது தையல்காரர் ஜன்னலோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஆட்காட்டி விரலில் ஒன்றரைக் கணு வரை மண் ஒட்டியிருந்தது. தண்ணீர்ச் செம்பு நிரம்பிப் பக்கத்திலேயே இருந்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

“என்னங்க பண்றீங்க?”

“ஒண்ணும் பண்ணல.”

“எவ்வளவு நேரமா?”

“காலையில இருந்து” என்றார் தையல்காரர். “ரொம்பக் கஷ்டமா இருக்கு. அந்தச் செம்பைக் கொஞ்சம் உள்ள எடுத்துட்டுப் போயேன்.”